புது வண்டியும் சொந்தக் கையும்

மோட்டார் வண்டியை வாங்கி இரண்டு வருஷம்கூட நிறையாத நிலையில், எண்ணெயைத் தாமே மாற்றி, ஃபில்டரைத் தாமே பொருத்தி, பிரேக்கைத் தாமே கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொள்ளும் சுபாவமுள்ள ஒருவர், ஏதோ ஒரு காரணத்தால் அவ்வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் விசாரிப்பது வண்டி எப்படி ஓடுகிறது என்பதையன்று. "சார், சர்வீஸ் எல்லாம் கம்பெனியிலேதானே விட்டீங்க? ரெக்கார்டு இருக்கா?" என்பதுதான் முதற் கேள்வி. "இல்லை, எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன்" என்று இவர் பெருமிதத்தோடு சொல்லும் விடை, வந்தவர் காதில் குறையாகவே விழுகிறது; கூட வந்திருக்கும் மெக்கானிக் பானெட்டை ஒரு முறை சந்தேகத்தோடு பார்க்கிறார்; புரோக்கர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்; விலை இறங்குகிறது. இதைத் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். வாஸ்தவத்தில் நம் தேசத்தில் இந்தக் கேள்விக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகவில்லை. அதற்கு முன் சுமார் எண்பது வருஷ காலம், சொந்தக்காரனுடைய கை வண்டியில் பட்டிருப்பது அதற்கு ஒரு யோக்கியதையாகவே கருதப்பட்டு வந்தது. அந்த அபிப்பிராயம் எவ்விதம் தலைகீழாயிற்று என்பதைச் சென்னையையும் தமிழ்நாட்டையும் நடுவாக வைத்துக்கொண்டு சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1840-ஆம் வருஷத்தில் குதிரைக் கோச்சுகள் கட்டும் பட்டறையாகத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியில், 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டி வீதியில் ஓட்டிக் காண்பித்தார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதற் கார் அதுவே என்று பெயர். இந்த ஒரு செய்தியிலேயே அக்காலத்து நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. மோட்டாரைப் பழுது பார்ப்பதற்கென்று தனியே ஒரு வர்க்கம் அப்போது கிடையாது. கோச்சு வண்டியின் சக்கரத்துக்குப் பட்டை கட்டிய கொல்லனும், ஆசனத்துக்குத் தோல் தைத்தவனும், வண்டிக்கூட்டை இழைத்த தச்சனுமே புதிய யந்திரத்துக்கும் வைத்தியர்களானார்கள். வண்டி கப்பலில் வந்து இறங்கியது; உடைந்த உறுப்புக்குப் பதில் உறுப்பும் கப்பலிலேயே வரவேண்டியிருந்தது. ஆகையால் ஜமீன்தார்களும் வக்கீல்களும் டாக்டர்களும் டிரைவரை நியமிக்கும்போது, ஓட்டத் தெரியுமா என்று கேட்பதோடு நில்லாமல், வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டார்கள். டிரைவர் இல்லாதவர் தாமே கற்றுக்கொண்டார். கார் கம்பெனிகளும் அப்படித்தான் எதிர்பார்த்தன. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான ஃபோர்டு 'டி' மாடல் காரோடு கொடுக்கப்பட்ட கைப்புத்தகம் கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்டிருந்தது. படித்துப் பட்டம் பெறாத விவசாயியும் தன் வண்டியைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

இந்த மனோபாவம் நம் பக்கத்தில் எவ்வளவு இயல்பாக வேரூன்றியது என்பதற்குக் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவின் இளமைக் கதையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்ட அந்தக் கிராமத்துப் பிள்ளை, ஊரை விட்டுப் போய் ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பஸ் விட்டபோது அந்தப் பயிற்சியே மூலதனமாயிற்று. மதுரையில் 1911-இல் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் ஸ்தாபனமும் பஸ்ஸை ஓட்டுவதிலிருந்துதான் பஸ்ஸைப் பழுது பார்ப்பதற்கும், அதிலிருந்து உதிரி உறுப்புகளை விற்பதற்கும், பின்னர் அவற்றை உண்டாக்குவதற்கும் படிப்படியாக வந்து சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது அந்த ஸ்தாபனத்தார் செய்து கொடுத்த கரிவாயு யந்திரத்தை வண்டியில் மாட்டிக்கொண்டவர்கள், தினமும் சாம்பலை அள்ளி, கரியை நிரப்பி, அடுப்பு மூட்டுவது போல் மூட்டி, அதற்குப் பிறகே புறப்பட்டார்கள். அப்படி ஓடிய வண்டியை விற்கும்போது யார் சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்பாரில்லை. செய்திராவிட்டால் வண்டி கொட்டகையை விட்டே வந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த காலமே இவ்விஷயத்தில் மிகவும் சுவாரசியமானது. 1953-இல் தாரிஃப் கமிஷன், வண்டிகளை இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாமல் வெறுமே பூட்டிக் கொடுக்கும் கம்பெனிகள் இந்நாட்டில் தொடர வேண்டியதில்லை என்று சிபாரிசு செய்ய, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரிமியர், சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு என்று முக்கியமாக மூன்று கம்பெனிகள் மட்டுமே கார் செய்தன. 1957-இல் தொடங்கிய அம்பாஸடரும், இத்தாலியப் பிறப்புள்ள ஃபியட் 1100-ம், 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இருபது வருஷத்துக்கு மேல் நம் சாலைகளின் உலகமாக இருந்தன. மாடல் மாறவில்லை. ஆகவே, ஒரு முறை கற்றுக்கொண்ட பாடம் ஆயுள் முழுவதும் உதவிற்று. அப்பா கற்றது மகனுக்கும் செல்லுபடியாயிற்று.

அம்பாஸடர் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்படியிருந்தது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஓர் ஆள் நின்று வேலை செய்யும் அளவுக்கு இடம் இருந்தது. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் இரண்டு சிறு உலோக முனைகள். அவற்றைப் பிளாட்டினம் பாயிண்ட் என்பார்கள். நெருப்புப் பொறியால் அவை கறுத்துப் பள்ளம் விழுந்திருக்கும். மெல்லிய அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு வைத்து, திருகை முறுக்குவார்கள். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டின் கனத்தை நம்பினார்கள். பிறகு டாப்பெட்: இஞ்சினின் தலைமூடியைத் திறந்து, ஹேண்டிலால் இஞ்சினைச் சிறிது சிறிதாகச் சுற்றவைத்து, ஒவ்வொரு வால்வும் மூடியிருக்கும் தருணம் பார்த்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடியே இறுக்க வேண்டும், ஒரு கை கொஞ்சம் அசைந்தாலும் அளவு போய்விடும். அடியில் படுத்து, கிரீஸ் கன்னால் முன் சக்கரத்துக் கிங் பின்னுக்கும் மற்ற மூட்டுகளுக்கும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரையில் அடிப்பார்கள். பிரேக்கில் காற்று எடுப்பது மட்டும் ஒருவரால் ஆகாது. வண்டிக்கடியிலிருந்து அப்பா, "மிதிடா... பிடி... விடு... டேய், நான் சொல்லாம விடாதே" என்று குரல் கொடுக்க, பெடல் எட்டாத பையன் சீட்டின் நுனிக்குச் சரிந்து கால் நீட்டி மிதிப்பான். இப்படியாக எத்தனையோ பேர் வண்டி ஓட்டப் பழகுவதற்கு முன்பே பிரேக்கின் சாஸ்திரத்தைப் பழகிவிட்டார்கள். சில ஆயிரம் மைல்களுக்கு ஒரு முறை டீகார்ப் என்ற பெரிய வைபவம் நடக்கும்: இஞ்சினின் ஹெட்டை இறக்கி, பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டி, ரப்பர்க் கிண்ணம் பொருத்திய குச்சியால் வால்வைப் பற்றிப் பேஸ்ட் தடவி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கடைவது போல் உருட்டித் தேய்க்க வேண்டும். அம்பாஸடர்காரர் அங்குல ஸ்பானர் வைத்திருந்தார். ஃபியட்காரர் மில்லிமீட்டர் ஸ்பானர் வைத்திருந்தார். பக்கத்து வீட்டார் ஒருவருக்கொருவர் சர்க்கரை கொடுத்து வாங்கினாலும் ஸ்பானரை மட்டும் கொடுத்து வாங்க முடியாமற்போனது இதனால்தான்.

அக்காலத்தில் புதுக் கார் என்பதே முழுமை பெற்ற சரக்காக வரவில்லை என்பதை மறக்கலாகாது. முதல் ஐந்நூறு மைலுக்கு வேகமாக ஓட்டக் கூடாது. பின் கண்ணாடியில் அதற்கான எச்சரிக்கையை எழுதி ஒட்டிக்கொண்டு எருமை வண்டிக்கும் வழிவிட்டுப் போக வேண்டும். அந்த ஐந்நூறு மைல் முடிந்ததும், உலோகத் துகள்கள் மின்னும் முதல் எண்ணெயை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். ஷோரூமிலிருந்து வந்த வண்டியின் கதவையும் கண்ணாடியையும் ஒரு தரம் சரி செய்து, மழை ஒழுகும் இடத்துக்கு ரப்பர் ஒட்டிய பிறகே அது வண்டியாயிற்று. ஆகையால் சற்றே ஓடிய வண்டியைச் சொந்தக்காரர் தம் கையால் பதப்படுத்தி வைத்திருக்கிறார் என்பது, வாங்குபவருக்கு ஒரு சிரமம் மிச்சம் என்றே பொருள்பட்டது.

ஆனால், விற்பனை விலையைப் பொறுத்த வரையில் இன்னுமொரு விசித்திரம் இருந்தது. கார்களின் உற்பத்தி சொற்பம், கேட்பவர்களோ அநேகர். 1959-இல் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தி மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. 1969-இல் விலைக்கும் உச்ச வரம்பு கட்டப்பட்டது. அந்த விலை நியாயமா என்ற வியாஜ்ஜியம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. பெயரைப் பதிவு செய்துவிட்டு, முக்கியமாக ஃபியட்டுக்கு, வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நிலையில், ஒரு வருஷம் ஓடிய கார் அதே மாடல் புதுக் காரின் சர்க்கார் விலையைவிட அதிகமாக விலைபோயிற்று. இப்போது கேட்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். அப்போது இது சர்வ சாதாரணம். வாங்குபவன் கொடுத்த அதிகப் பணம் வண்டிக்காக அன்று, காத்திராமல் இருப்பதற்காக. அப்படியிருக்க, அந்த ஒரு வருஷத்தில் எண்ணெயை யார் மாற்றினார்கள், கம்பெனி ஆளா, வீட்டுக்காரரா, தெருமுனை மெக்கானிக்கா என்று ஆராய்வதற்கு அவனுக்கு அவகாசமும் இல்லை, அக்கறையும் இல்லை. சற்றே ஓடிய வண்டியைச் சொந்தக் கையால் கவனிப்பதால் மறுவிற்பனையில் ஒரு காசும் குறையாத காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது என்றால், அது நம் யந்திர ஞானத்தின் மகிமையால் மட்டும் அன்று, பஞ்சத்தின் மகிமையாலும்தான் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

வயதான வண்டிகளின் கதை வேறு. அங்கே சொந்தக் கை உண்மையாகவே விலை பெற்றது. வாங்குபவர் அழைத்து வரும் மெக்கானிக் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்க மாட்டார். இஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பார். விடுமானால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரத்தின் மேலும் கீழும் இரண்டு கைகளை வைத்து ஆட்டுவார். ஆடினால் கிங் பின். டிப் ஸ்டிக்கைத் துடைத்து, எண்ணெயை விரலிடையில் வைத்துத் தேய்ப்பார். புகைக்குழாயின் உட்புறத்தில் விரலை விட்டு, எடுத்த கரி உலர்ந்திருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா என்று கவனிப்பார். கதவின் விளிம்பில் பெயிண்டின் கனத்தைத் தடவி, டிங்கரிங் நடந்ததா என்று சொல்லிவிடுவார். மீட்டரை யாரும் பெரிதாக நம்பவில்லை. கேபிளைக் கழற்றி வைத்தால் நின்றுவிடும் ஐந்து இலக்க மீட்டரை நம்புவதற்கு எவரும் அவ்வளவு வெகுளி இல்லை. கண்ணும் காதும் விரலும் சாட்சி. அதற்கு அப்புறம் சொந்தக்காரரின் நடத்தை சாட்சி. ஆங்கிலப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களில், டாக்டர் வைத்திருந்த வண்டி, ஒரே கை ஓட்டிய வண்டி என்று போடுவது பெரிய சிபாரிசாக இருந்தது; அதன் மறைபொருள், ஒழுங்கு தெரிந்தவர் வைத்திருந்தார் என்பதே. அப்படிப்பட்டவர் தம் கைப்பட எழுதிய ஒரு நோட்டையும் கூடவே எடுத்து வைத்தாரானால், தேதியும் மைலும் எண்ணெயின் பெயரும் வரிசையாக இருப்பதைக் கண்டு மெக்கானிக்கும் மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்.

இவ்விடத்தில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் போவது தகாது. 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், 1961-இல் லூக்காஸ் டி.வி.எஸ்., 1962-இல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக உறுப்புத் தொழிற்சாலைகள் இந்நகரைச் சுற்றித் தோன்றியதால், ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டது கிடைத்தது; புதிதாகக் கிடைக்காதது புதுப்பேட்டையில் பழையதாகக் கிடைத்தது. சொந்தக் கையால் வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேறில்லை. ஆனால் இந்தப் பாக்கியத்தின் அடியிலேயே ஒரு சந்தேகத்தின் வித்தும் கிடந்தது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்து, "ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?" என்று கேட்பார். இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பேதம் காண்பது அரிது. சொந்தக்காரர் எதை வாங்கிப் போட்டார் என்பது அவருக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். பிற்காலத்தில் கம்பெனி முத்திரைக்கு ஏற்பட்ட மதிப்பில் பாதி, இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

1983-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி, இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவரிடம் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை ஐம்பதினாயிரம் ரூபாய்க்குள். இஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர். பதினாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்தவர்கள் லட்சத்துக்கு மேல். பஞ்சம் உடனே தீர்ந்துவிடவில்லை. ஆரம்ப வருஷங்களில் மாருதியும் பிரிமியத்துக்குத்தான் கை மாறியது. ஆனால் வண்டியோடு கூடவே, நம்மவர் அதுவரை அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஒரு வஸ்து வந்தது. அதுதான் கூப்பன் வைத்துத் தைத்த சர்வீஸ் புத்தகம். ஆயிரம் கிலோமீட்டரில் ஒன்று, ஐயாயிரத்தில் ஒன்று, பதினாயிரத்தில் ஒன்று என்று மூன்று இலவச சர்வீஸ்கள். இலவசம் என்பது கூலிக்கு மட்டுமே. எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் பணம் கொடுக்க வேண்டும். கூப்பனைக் கிழித்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தி, மீட்டர் எண்ணை எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். வாரண்டி வேண்டுமானால் இந்த முத்திரைகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. ஊருக்கு ஊர் அங்கீகாரம் பெற்ற பணிமனைகள் எழுந்தன. கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு, வண்டியின் சொந்தக்காரரைப் பட்டறைக்கு வெளியே உட்காரவைக்கும் மரியாதையும் அதோடு வந்தது. அந்த மரியாதையால் அவர் இழந்தது, தம் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கும் வாய்ப்பு.

முதற்காலத்து மாருதியில் சொந்தக் கைக்கு வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. கார்புரேட்டரும் பாயிண்டும் அதிலும் இருந்தன. பத்து, பன்னிரண்டு, பதினான்கு நம்பர் ஸ்பானர்களைக் கொண்டு பாதி வண்டியைப் பிரித்துவிடலாம். ஆனாலும் இஞ்சின் குறுக்கே கிடந்தது. முன் சக்கரமே இழுத்தது. ஆக்ஸிலின் ரப்பர்ப் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மூட்டே போய்விடும் என்பது அம்பாஸடரில் கை தேர்ந்தவருக்குப் புதுப் பாடமாக இருந்தது. கிரீஸ் அடிக்கும் இடங்கள் மறைந்துவிட்டன. டீகார்ப் என்ற சொல்லே வழக்கொழிந்தது. வண்டிகள் மேலும் நம்பகமாக ஆக ஆக, அவற்றைக் கவனிக்கும் அவசியம் குறைந்தது. அவசியம் குறைய, கவனிக்கத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள்.

1993-இல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. அதற்குப் பின் ஐந்தாறு வருஷங்களுக்குள், மறைமலை நகரில் ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்து சேர்ந்தன; 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. பணத்தோடு போனால் கார் கிடைக்கும் என்ற நிலை நம் நாட்டுக்கு முதன்முறையாக ஏற்பட்டது. இந்த நாளில்தான் இக்கட்டுரையின் கேள்வி உண்மையாகப் பிறக்கிறது. புது வண்டி எளிதில் கிடைக்கும்போது, ஓடிய வண்டி புது வண்டியைவிடக் குறைந்த விலைக்குத்தான் போயாக வேண்டும். எவ்வளவு குறையும் என்பதற்குத்தான் அளவுகோல் வேண்டும். கண்ணும் காதும் விரலும் இங்கே உதவவில்லை. இரண்டு வருஷம் ஓடிய நவீன இஞ்சினை, எண்ணெயே மாற்றாமல் வைத்திருந்தாலும், காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது அரிது. அதனால் வரும் கேடு ஐந்தாவது வருஷத்திலோ ஆறாவது வருஷத்திலோதான் தலைகாட்டும். அதாவது, வண்டி எவ்வளவுக்குப் புதிதோ அவ்வளவுக்கு அதன் நிலைமையை நேரில் பார்த்து நிர்ணயிப்பது கடினம். ஆகையால் அவ்வளவுக்குக் காகிதத்தின் சாட்சியம் கனம் பெறுகிறது. பழைய வண்டிக்குச் சொந்தக் கை ஒரு சிபாரிசாக இருந்தும், புது வண்டிக்கு அதுவே சந்தேகமாக மாறியதன் சூட்சுமம் இதுதான். ஜனங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று பழைய அம்பாஸடர்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சொந்தக் கைக்கு மிஞ்சியிருந்த வாசலையும் யந்திரமே அடைத்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆவது வருஷத்தை ஒட்டி இறுகியபோது, கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பாயிண்டும் போயிற்று, அரம் தேய்க்க ஒன்றுமில்லை. பிறகு வண்டிக்குள்ளேயே தன் நோயைத் தானே குறித்து வைக்கும் ஓ.பி.டி. வந்தது, 2013-லிருந்து அதன் இரண்டாம் கட்டம் கட்டாயமாயிற்று. சர்வீஸ் புத்தகமும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. வண்டியின் பதிவு எண்ணைச் சொன்னால், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்று பணிமனையின் திரையில் வரிசையாக வருகிறது. 2001-இல் மாருதியே ட்ரூ வேல்யூ என்ற பெயரில் பழைய வண்டி வியாபாரத்தில் இறங்கியதும், இந்தப் பதிவேடு கொள்முதல் விலையை நிர்ணயிக்கும் சாதனமாகிவிட்டது. மீட்டரைத் திருப்பி வைக்கும் மோசடியைப் பிடிப்பதற்கு இது பெரிதும் பயன்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. நாற்பதினாயிரத்தில் சர்வீஸுக்கு வந்த வண்டி, மறு வருஷம் முப்பதினாயிரம் காட்டுமானால் குட்டு வெளிப்பட்டுவிடும். தன் கொட்டகையிலேயே வேலையை முடித்துக்கொள்கிறவர், எவ்வளவு யோக்கியராயினும், இந்த வரிசையில் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறார்.

ஆனால் முத்திரையின் மதிப்பு முழுவதும் நியாயமாக ஏற்பட்டதென்றும் சொல்ல இயலாது. உதிரி உறுப்புகளையும், யந்திரத்தின் கோளாறுகளைப் படிக்கும் கருவிகளையும், பழுது பார்க்கும் குறிப்புகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடாமல் தங்களிடமே வைத்துக்கொண்டு, வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி அடியோடு போய்விடும் என்று பயமுறுத்தி வந்ததில் கார் கம்பெனிகளின் சுயநலமும் இருந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பதினான்கு கார் கம்பெனிகளின் மேல் ரூ.2,544 கோடிக்கு அதிகமான அபராதத்தை விதித்து, இவ்வழக்கத்தைச் சட்ட விரோதம் என்று தீர்த்தது. அதன் உத்தரவில் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது ஒன்று உண்டு: வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, வெளியில் செய்த வேலையின் குறையால் எந்த அளவுக்குச் சேதம் நேர்ந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். அமெரிக்காவில் 1975-ஆம் வருஷத்து மாக்னுசன்–மாஸ் சட்டம் இதே போன்ற பாதுகாப்பை முன்னமேயே அளித்திருந்தது. அபராதத் தொகையைப் பற்றி இங்கே அப்பீல்களும் வழக்குகளும் தொடர்ந்தன. உத்தரவு முக்கியமாகக் கண்ணில் வைத்தது வெளி மெக்கானிக்கை. கொட்டகையில் தானே படுத்து வேலை செய்கிற சொந்தக்காரர் அதன் நிழலில் ஓரமாக நின்றுகொள்ளலாம், அவ்வளவே. 2022-இல் நுகர்வோர் விவகார இலாகா பழுது பார்க்கும் உரிமைக்கென்று இணையத்தில் ஒரு தளத்தையும் திறந்தது.

சட்டம் மாறிய வேகத்தில் சந்தை மாறவில்லை. புரோக்கருக்குப் போட்டி ஆணையத்தைப் பற்றிக் கவலையில்லை. வாங்குபவருக்கு மீதமுள்ள வாரண்டியைப் பற்றியே கவலை. மூன்று வருஷம் அல்லது லட்சம் கிலோமீட்டர் வாரண்டி சகஜமாகிவிட்ட இந்நாளில், இரண்டு வருஷ வண்டியை வாங்குகிறவர் அந்த மிச்ச வருஷத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். சொந்தக் கையால் சர்வீஸ் செய்த வண்டியில் அந்த மிச்சம் ஒரு விவகாரத்துக்குரிய பொருளாகிவிடுகிறது. சட்டம் துணை நிற்கும் என்றாலும், விவகாரத்தை விலை கொடுத்து வாங்க யார் விரும்புவார்? எண்ணெயிலும் இப்போது ஜாக்கிரதை தேவைப்படுகிறது. பழைய நாளில் பெட்ரோல் பங்கில் கிடைத்த எந்த எண்ணெயையும் ஊற்றி ஓட்டினார்கள். இன்றைய இஞ்சின்கள் சில தண்ணீர் போல் மெலிந்த 0டபிள்யூ-20 எண்ணெயைக் கேட்கின்றன. தவறான எண்ணெயை ஊற்றியவருக்கும் சரியான எண்ணெயை ஊற்றியவருக்கும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் வித்தியாசம் தெரியாது.

ஆகவே, புது வண்டியைத் தம் கையாலேயே கவனிக்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. இலவச சர்வீஸ் மூன்றையும் கம்பெனியிலேயே முடித்து, பதிவேட்டில் உங்கள் வண்டியின் பெயர் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு நீங்களே எண்ணெய் மாற்றினால், கைப்புத்தகம் குறிப்பிடும் தரத்திலேயே வாங்கி, எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் கடைப் பில்லில் வண்டி எண்ணைப் போட்டு வாங்குங்கள். வேலை செய்த அன்றைக்கு மீட்டரைப் படம் பிடித்து, பில்லோடு ஒரு ஃபைலில் வையுங்கள். பழைய டாக்டர்கள் நோட்டில் எழுதி வைத்ததை நாம் விட்டுவிட்டோம்; அதை மறுபடி தொடங்குவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அப்படியும் மூன்று வருஷத்துக்குள் விற்கிற உத்தேசம் இருக்குமானால், ஸ்பானரைத் தொடாமல் கம்பெனியில் விட்டுவிடுவதே லாபம்; அங்கே கொடுக்கும் கூலியைப் பெரும்பாலும் விலையில் திரும்பப் பெற்றுவிடுவீர்கள். பத்து வருஷம் வைத்து ஓட்டப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய வண்டியைச் சோதிக்க வருகிற மெக்கானிக் இன்றைக்கும் எண்ணெய் மூடியைத் திறந்துதான் பார்க்கிறார்.